யோகம் என்னும் சொல்லும் அத்துவிதக் கலப்பும்



'யோகம்' என்றால் என்ன என்று வினவினால், சீவான்மா பரமான்மாவுடன் ஒன்றுதல் என்றே பலரும் விடை கூறுவர். பயிற்சிக் கையேடுகளிலும் இவ்விளக்கமே வேரூன்றியுள்ளது. ஆயினும், யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி இப்பொருளைக் கூறவில்லை. மாறுபட்ட இரு தத்துவங்கள் ஒரே சொல்லுள் எவ்வாறு கலந்தன என்பதை இன்று காண்போம்.

வடமொழித் தாதுபாடம் 'யுஜ்' என்னும் வேரை வெவ்வேறு பொருளில் தருகிறது. ஒன்று இணைதலைக் குறிக்கும். மற்றொன்று சமாதியாகிய மனவொருமையைக் குறிக்கும். பதஞ்சலி நூலுக்கு அமைந்த வியாச பாடியம், யோகமாவது சமாதியே என்கிறது. அதற்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிசிரர், மனவொருமையைக் குறிக்கும் வேரையே இங்குக் கொள்ள வேண்டும் என்கிறார். 11ஆம் நூற்றாண்டின் போசராசரோ, புருடனும் பிரகிருதியும் பிரியும் 'வியோகமே' யோகம் என்றார். பதஞ்சலியின் கொள்கை சாங்கியத்தைச் சார்ந்த இருமைக் கொள்கை. அதன் முடிந்த பயன் கைவல்யம்; அஃதாவது, புருடன் தனித்து நிற்றல்.

அத்துவிதமோ பிரமம் ஒன்றே மெய் என்பது. ஆகவேதான் சங்கரர் தம் பிரம சூத்திர உரையில் யோகத்தின் இருமைக் கொள்கையை மறுத்தார். எனினும் வேதத்தோடு முரண்படாத பகுதிகளை ஏற்றார். அவர் திறந்து வைத்த அவ்வழியிலேயே கலப்பு வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் வித்தியாரணியர், சீவன்முத்தி நிலைபெறுவதற்கு மனோநாசமும் வாசனை நீக்கமும் வேண்டுமென்று கூறி, யோகப் பயிற்சிக்கு அத்துவிதத்துள் இடமளித்தார். பின்வந்த ஹடயோகப் பிரதீபிகை, சமாதிக்குரிய மறுபெயர்களுள் 'அத்துவிதம்' என்பதையும் சேர்த்தது. 1896இல் விவேகானந்தரின் 'இராசயோகம்' நூலாகி, வேதாந்த நோக்கில் விளக்கப்பெற்ற பதஞ்சலியை உலகறியச் செய்தது.

தமிழிலும் இச்சொற்கள் பொருள் மாறின. தாண்டவராய சுவாமிகளின் அத்துவித நூல் 'கைவல்ய நவநீதம்' என்னும் பெயர் பெற்றது. பதஞ்சலிக்குப் பிரகிருதியிலிருந்து விலகிய தனிமை கைவல்யம். அத்துவிதிக்கோ, விலகுவதற்கு இரண்டாவது பொருளே இல்லை. சைவ சித்தாந்தத்தில் 'கேவலம்' என்பது ஆன்மா ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் நிலை. நம் அன்றாடப் பேச்சில் அச்சொல் இழிவைக் குறிக்கிறது.

இக்கலப்பு பிழையென்று நாம் கூறவில்லை. வேறுபாட்டை அறிந்து கலந்தவர்களும் உளர். இரமண மகரிசி 'உபதேச உந்தியாரில்' மூச்சடக்கத்தை ஒதுக்கவில்லை. ஆனால், அதனால் எய்துவது மனத்தின் இலயமே, நாசமன்று என்று பிரித்துக் காட்டினார். இலயித்த மனம் மீண்டும் எழும். நாசமுற்ற மனம் எழாது. இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டால், அமைதியாய் அமர்ந்திருத்தலையே ஞானமென்று சாதகன் மயங்குவான்.

எனவே பாடநூல் எழுதுவோரையும் அகராதி தொகுப்போரையும் நாம் வேண்டுவது ஒன்றே. யோகம், கைவல்யம், சமாதி போன்ற சொற்களுக்குப் பொதுவாக ஒரு பொருள் எழுதி அமையாமல், எந்நெறியில் எப்பொருள் என்று வகுத்துக் காட்டுங்கள். 'ஒன்றுதல்' என்று மட்டும் கற்ற மாணவன் பதஞ்சலியைத் திறந்தால், அங்கே பிரிதலைக் கண்டு திகைப்பான். அத்திகைப்பைத் தீர்ப்பது சொல்லாராய்ச்சியின் கடமை.