கோப்புகளின் மேலே ஒரு கடிதம்

அமைச்சரின் குரலை நாடு அறியும்; அவருடைய காரியாலயத்தை நடத்துபவரின் பெயரைப் பலர் அறியார். நியூசிலாந்தில் அவர் சிரேட்ட அந்தரங்கச் செயலாளர் எனப்படுவார். வெலிங்டன் நகரில், தோற்றத்தினாலே ‘தேன்கூடு’ எனப் பெயர்பெற்ற மாளிகையில்தான் அமைச்சர் பலரின் காரியாலயங்கள் உள்ளன.

அமைச்சரின் நாட்குறிப்பை வகுத்தல், திணைக்களங்களிலிருந்து வரும் கோப்புகளை நிரற்படுத்தல், பாராளுமன்ற வினாக்களுக்குரிய விடைகள் தவணை தவறாது செல்லச் செய்தல் என்பன அவருடைய கடமைகள். எதனை அமைச்சர் இன்றே பார்க்கவேண்டும், எது நாளைவரை பொறுக்கும் என்பதை நாள்தோறும் தீர்மானிப்பவர் அவரே.

அவருக்குச் சம்பளம் வழங்குவது உள்நாட்டலுவல்கள் திணைக்களம். ஆயினும், அமைச்சர் பதவி நீங்கினால் பொதுவாக அவருடைய நியமனமும் முடிவடையும். திணைக்களங்களிலிருந்து தற்காலிகமாக வந்த உத்தியோகத்தர்களோ தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடுவர். ஆகவே, அமைச்சரின் நன்மையே தம் நன்மை என்று அவர் எண்ணுவது இயல்பு. சோதனையும் அங்கேதான் பிறக்கின்றது.

1982ஆம் ஆண்டின் உத்தியோகத் தகவற் சட்டப்படி, பொதுமக்களுள் ஒருவர் தகவல் கேட்டு எழுதினால், சாதாரணமாக 20 வேலைநாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். அமைச்சருக்குச் சங்கடம் விளையும் என்பது மட்டும் மறுப்பதற்குப் போதிய காரணமன்று. அக்கடிதத்தைக் கோப்புகளின் அடியில் வைத்துவிடுவது எளிது. ஆனால், மறைத்த கடிதம் குறைகேள் அதிகாரியின் விசாரணையாகத் திரும்பி வரலாம். அதனை மேலே வைத்து, “இதனை இன்றே பார்த்தருளுங்கள்” என்று சொல்லும் செயலாளரே சட்டத்துக்கும் அமைச்சருக்கும் ஒருங்கே உண்மையாயிருப்பவர்.