பழைய விளையாட்டுகளும் பதிப்புரிமையும்

வீடியோ விளையாட்டு என்பது சிறுவர்களின் பொழுதுபோக்கு. பதிப்புரிமைச் சட்டத்தைப் பயிலும் மாணவரும் அதனைச் செயற்படுத்தும் அலுவலரும் அதில் காணவேண்டியது யாதுமில்லை என்ற எண்ணம் அவையோரிடையே எழலாம். ஆயினும், ஒரு பொருளின் சந்தை ஆயுள் சில ஆண்டுகளே. அதன்மீதான சட்ட உரிமையோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. அவ்வாறாயின், இடைப்பட்ட காலத்தில் அப்பொருளைப் பேணுபவர் யார், அவருக்குரிய உரிமை யாது? இவ்வினா இத்துறையில்தான் மிகத் தெளிவாக எழுகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் ‘டூம்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதனை இயக்கும் நிரல் ஒரு கோப்பிலும், களங்களின் அமைப்பு, படங்கள், ஒலிகள் ஆகியவை ‘வாட்’ எனப்படும் வேறொரு கோப்பிலும் வைக்கப்பட்டன. எனவே, ஆர்வலர் ஒருவர் தாம் புதிதாக அமைத்த களத்தைத் தனிக் கோப்பாகப் பிறருக்கு அனுப்ப முடிந்தது; பெறுபவரிடம் மூல விளையாட்டு இருந்தாற் போதும். இத்தகைய மாற்றங்களே ‘மோட்’ என வழங்கப்படுகின்றன. இதில் ஒரு பொருளாதார நுட்பமும் உண்டு. டூமின் முதற்பகுதி இலவசமாக வழங்கப்பட்டது. ஆர்வலர்களின் ஆக்கங்களோ விலைகொடுத்து வாங்கிய முழுப் பதிப்பில் மட்டுமே இயங்கவேண்டும் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டது. இதனால் பிறர் ஊதியமின்றிச் செய்த ஒவ்வோர் ஆக்கமும் நிறுவனத்தின் விற்பனைக்குத் துணைப்பொருளாயிற்று. 1997இல் மூல நிரலே வெளியிடப்பட்டது. 1999இல் அது பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. படங்களும் களங்களும் மட்டும் நிறுவனத்தின் உடைமையாகவே நீடித்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் டூம் புதிய கணிப்பொறிகளில் இயங்குவதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

எல்லா நிறுவனங்களும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. நீதிமன்றத்திற்குச் சென்ற வழக்குகளுள் மாணவர்கள் கட்டாயம் படிக்கவேண்டியது, ‘மைக்ரோ ஸ்டார் எதிர் ஃபார்ம்ஜென்’ என்னும் வழக்கு. 1996இல் வெளியான ‘டியூக் நியூகெம் 3டி’ விளையாட்டுடன் களம் அமைக்கும் கருவியும் வழங்கப்பட்டிருந்தது. அமைத்த களங்களை இலவசமாகவே பகிரலாம் என்பது நிபந்தனை. மைக்ரோ ஸ்டார் நிறுவனம் ஆர்வலர்கள் அமைத்த 300 களங்களைத் திரட்டிக் குறுந்தகட்டில் விற்றது. அக்கோப்புகளில் மூல விளையாட்டின் படம் ஒன்றுகூட இல்லை. எந்தப் படத்தை எங்கே வைப்பது என்ற குறிப்புகள் மட்டுமே இருந்தன. இருப்பினும், அவை டியூக்கின் கதையைத் தொடர்ந்து சொல்லும் வழிநிலைப் படைப்புகளே என்று 9ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. பிறர் உழைப்பை விற்றவர் தடுக்கப்பட்டது நியாயமே. ஆனால் அந்த 300 களங்களை அமைத்தவர்கள் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. அவர்களது உழைப்பு, உரிமையாளரின் அனுமதி நீடிக்கும்வரை மட்டுமே செல்லுபடியாகும் ஒன்றாக நின்றுவிட்டது.

அனுமதியின் நிபந்தனைகளும் மாறக்கூடியவை. பிளிசார்டு நிறுவனத்தின் ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டில் ஆர்வலர்கள் அமைத்த ‘டோட்டா’ என்னும் களம் பெரும்புகழ் பெற்றது. அதன் வழியில் ‘டோட்டா 2’ என்னும் விளையாட்டை 2013இல் வெளியிட்டது வால்வ் என்னும் போட்டி நிறுவனம். 2020இல் வார்கிராஃப்ட் 3 புதுப்பிக்கப்பட்டபோது, பயனர்கள் அமைக்கும் களங்கள் யாவும் தனக்கே உடைமை என்று பிளிசார்டு விதி வகுத்தது. முந்தைய இழப்பிலிருந்து அந்நிறுவனம் கற்ற பாடம் இதுவே போலும்! நின்டென்டோ நிறுவனமோ, தனது 1991ஆம் ஆண்டு விளையாட்டான ‘மெட்ராய்டு 2’ஐ ஆர்வலர் ஒருவர் பல்லாண்டு உழைத்து மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டபோது, சில நாட்களிலேயே அதனை அகற்றச் செய்தது. அடுத்த ஆண்டில் நிறுவனத்தின் சொந்த மறுஆக்கம் விற்பனைக்கு வந்தது. உரிமையாளர் தம் சந்தையைக் காத்துக்கொள்வதில் குறைகாண இயலாது.

சிக்கல், சந்தையே இல்லாத விளையாட்டுகளில்தான் உள்ளது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்நாட்டில் நிறுவனப் படைப்புகளுக்கான உரிமைக் காலம் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். அதன்படி டூமின் உரிமை 2088 இறுதிவரை நீடிக்கும்.

இந்தியச் சட்டத்தின் நிலை யாது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், கணிப்பொறி நிரல் இலக்கியப் படைப்பு என்னும் வகைக்குள் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. சட்டப்படி நிரலின் பிரதியை வைத்திருப்பவர், அது வழங்கப்பட்ட நோக்கத்திற்குப் பயன்படுத்தும் பொருட்டு அதனைத் தழுவியமைக்க 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே, பழைய விளையாட்டைத் தம் புதிய கணிப்பொறியில் இயங்கச் செய்துகொள்பவர் அஞ்சவேண்டியதில்லை. அத்திருத்தத்தைப் பிறருக்கு வழங்குவதற்கு இவ்விதியில் வெளிப்படையான பாதுகாப்பு இல்லை. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. அமெரிக்காவிலோ, பூட்டை உடைப்பதற்கான விதிவிலக்குகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பெறவேண்டியுள்ளது. இவ்வகையில் நமது சட்டம் நிதானமானது.

நூலகங்களைப் பொறுத்தவரை அந்த நிதானம் போதவில்லை. அதே 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பேணுவதற்காக மின்னணு முறையில் சேமித்து வைக்கலாம் என்கிறது; ஆனால் அப்படைப்பின் ‘டிஜிட்டல் அல்லாத’ பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. விளையாட்டு நிரலுக்கு அத்தகைய பிரதி ஏது? குறுந்தகட்டை வைத்திருக்கும் நூலகம், நிரல் சேதமடைவதற்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக ஒரு காப்புப் பிரதி எடுக்கலாம். நிரந்தரப் பேணுகைக்கு அவ்விதி போதாது. சட்டம் அடுத்த முறை திருத்தப்படுகையில், இந்நிபந்தனையிலுள்ள ‘டிஜிட்டல் அல்லாத’ என்னும் இரு சொற்களை நீக்குவது குறித்து உரிய துறை ஆராயலாம்.