சிறைப்பட்டோரும் வாக்குரிமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, மாணவர் விடுதி, கலியாணச் செலவைக் குறைத்தல் முதலிய பொருள்களைக் கேட்டுப் பழகிய இம்மேடையில், சிறையிலிருப்போரின் வாக்குரிமையைப் பற்றிப் பேச யாம் முன்வந்தது உங்களிற் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். "களவு செய்தவனுக்கும் கொலை செய்தவனுக்கும் வோட்டு எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் இங்கு வரும் வழியிலேயே எம்மைக் கேட்டார். அவர் கேள்வி தள்ளத்தக்கதன்று. ஆயினும் விடை கூறுமுன் நம் நாட்டுச் சட்டம் இன்னதென்று அறிதல் வேண்டும். நம்மிற் பெரும்பாலோர் எண்ணியிருப்பது வேறு. சட்டத்தில் உள்ளது வேறு.

அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளிக்கின்றது. தொகுதியில் வசியாமை, சித்த சுவாதீனமின்மை, குற்றம், தேர்தல் முறைகேடு ஆகிய காரணங்களைப் பற்றி அதனைச் சட்டம் நீக்கலாம் என்றும் கூறுகின்றது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவில், சிறையில் அடைபட்டிருப்பவர் தண்டனை பெற்றவராயினும் பிற காரணத்தால் அங்கு இருப்பவராயினும் வாக்களிக்கலாகாது என்று விதிக்கின்றது. போலீஸ் காவலில் இருப்பவர்க்கும் அதுவே விதி. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்க்கு மட்டும் விலக்கு உண்டு; அவர் தபால் மூலம் வாக்களிக்கலாம்.

இதனைச் சற்று ஊன்றி நோக்குங்கள். அரசியல் சட்டம் சொல்லுவது குற்றம். இச்சட்டம் பார்ப்பதோ மதிற்சுவர். குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்ற பின்னும், மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளிவந்த செல்வர், அக்குற்றம் தேர்தற் குற்றமாக இல்லாதவரையில், காரில் சென்று வாக்களித்து மீளலாம். குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஏழையோ, ஜாமீனுக்கு ஆளில்லாமையால் உள்ளே கிடந்து வாக்கை இழக்கின்றான். 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5,73,000 பேர். அவருள் ஏறத்தாழ 4,34,000 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பங்கினர். களவு செய்தவனுக்கு வோட்டு எதற்கு என்ற பெரியவரின் கேள்வி இவர்களைத் தொடவே இல்லை. இவர்கள் களவு செய்தார்களா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை.

சென்ற தேர்தலன்று யாம் கண்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் உறவின்முறையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வாக்குச்சாவடிக்கு இரண்டு சீட்டுகளைக் கொண்டு வந்தார். ஒன்று தம்முடையது, மற்றது தம் மகனுடையது. மகன் ஒரு சில்லறைத் திருட்டு வழக்கில் ஏழு மாதமாக உள்ளே இருந்தான். ஜாமீன் உத்தரவு ஆகியிருந்தது. வீட்டு வரி ரசீதுடன் நின்று கையெழுத்திட இருவர் கிடைக்கவில்லை. "பட்டியலில் அவன் பேர் இருக்கிறதே ஐயா, அவன் வோட்டை நான் போடக் கூடாதா?" என்று அந்த அம்மையார் கேட்டார். அதிகாரி மரியாதையாகவே மறுத்துவிட்டார். அங்கே நின்ற எமக்கோ தலை நிமிரவில்லை. ரசீது வைத்திருப்போர் நம்மில் எத்துணைப் பேர்!

இவ்வண்ணமே 2024ஆம் ஆண்டில் காஷ்மீரத்துப் பாராமுல்லா தொகுதியில், விசாரணைக் கைதியாகத் திகார் சிறையிலிருந்தவர் ஒருவர் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறையிலிருப்பவர் அபேட்சகராகவும் நிற்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013இல் தீர்ப்பளிக்க, அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நிற்கும் உரிமையை மீட்டுக்கொண்டது. ஆகவே விசாரணைக் கைதி பிறர் வாக்கைப் பெறலாம். தன் வாக்கைத் தரலாகாது. தலைவராக விரும்புவோரின் உரிமையைக் காத்த கைகள், சாமானியனின் உரிமையைக் காக்கவில்லை.

எதிர்த்தரப்பினர் கூறும் காரணங்களையும் மறைத்தல் தகாது. 1997இல் சுப்ரீம் கோர்ட்டு இவ்விதியைச் செல்லுமென்று உறுதி செய்தது. கைதிகளை வாக்களிக்கச் செய்வதற்குப் போலீஸ் படையும் பொருளும் மிகுதியாக வேண்டும் என்பது ஒரு காரணம். தன் நடத்தையால் சிறை புகுந்தவன் வெளியிலிருப்பவனோடு சம உரிமை கோரலாகாது என்பது மற்றொன்று. குற்றப் பின்னணியுடையோரைத் தேர்தற் களத்தினின்றும் விலக்குதல் நன்று என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்குத் தபால் வாக்கே விடையாகும். தடுப்புக் காவலிலிருப்பவர்க்கு இயல்வது விசாரணைக் கைதிக்கு இயலாதோ? மற்றிரண்டும் தீர்ப்புப் பெற்றவர்க்குப் பொருந்தலாம். தீர்ப்புப் பெறாதவர்க்கு எங்ஙனம் பொருந்தும்?

பிற தேசங்களைப் பாருங்கள். நமக்குச் சட்டம் கற்பித்த இங்கிலாந்திலே, சிறைத்தண்டனை அனுபவிப்போர்க்குப் பெரும்பாலும் வாக்கில்லை. அத்தடை மட்டற்றதென்று 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்டித்தது. ஆயினும் அந்நாட்டிலும் விசாரணைக் கைதிக்கு வாக்குண்டு. தென் ஆப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1999இலும், கானடாவின் சுப்ரீம் கோர்ட்டு 2002இலும், தண்டனை பெற்ற கைதிகளின் வாக்கையும் காத்தன.

தண்டனை பெற்றவர் விஷயத்தில் நம்முள் கருத்து வேற்றுமை இருக்கலாம். எம் கருத்து இது: வாக்கை நீக்குதல் ஒரு தண்டனையாயின், அது குற்றத்தோடு பொருந்தியதாயிருத்தல் வேண்டும். தேர்தலில் கையூட்டு, ஆள்மாறாட்டம் முதலியவற்றிற்குத் தண்டனை பெற்றவரின் வாக்கை ஆறாண்டு நீக்க நம் சட்டத்திலேயே விதியுண்டு. அது தக்கதே. ஆனால் வயிற்றுக்கில்லாமல் திருடியவனுக்கும் வாக்கை விலைக்கு வாங்கியவனுக்கும் ஒரே அளவுகோல் தகுமா?

நம் பாட்டனார் காலத்தை எண்ணிப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கிருந்தது. இம்மாகாணத்து மாதர் அவ்வுரிமையைப் பெற்றது 1921இல். அதுவும் சொத்துடைய மாதரே. நிலமில்லாத நம்மவர் வெளியே நின்று வேடிக்கை பார்த்தனர். சுதந்தர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலிலேதான் பட்டா இல்லாதவனும் பட்டாதாரனோடு ஒரே வரிசையில் நின்றான். நீக்கப்பட்டதென்று நாம் மகிழ்ந்த அச்சொத்து விதி இன்று சிறை வாயிலில் உயிரோடு இருக்கின்றது. ரசீது உடையவன் வெளியே வந்து வாக்களிக்கின்றான். இல்லாதவன் உள்ளே இருக்கின்றான்.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் கடமை; அதற்கு விண்ணப்பம் செய்வது நம் கடமை. எனினும் சட்டம் மாறும்வரை கைகட்டி இருத்தல் வேண்டா. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்தின் உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை விடுவித்தல் வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளோரும் இதற்கு விலக்கு. இதனை அறியாத குடும்பங்கள் பல. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஏழைகட்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகின்றது. அங்கே செல்ல வழிகாட்டுவோர் இல்லை.

ஆகவே ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கின்றோம். வட்டந்தோறும் நம் சங்கத்தார் இருவர், விசாரணையிலிருக்கும் ஏழைகளின் விவரத்தைத் திரட்டுக. வழக்கின் தன்மையை ஆராய்ந்து, தக்கவர்க்கு ஜாமீன் நிற்க முன்வருவோர் பட்டியல் ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். அவ்வுதவி நம் குலத்தார்க்கு மட்டும் என்று வரம்பு கட்டவேண்டா. சிறைக் கதவு குலம் பார்த்து மூடுவதில்லை. எம் பெயரையும் எம் வீட்டு வரி ரசீதையும் முதலாவதாகப் பதிந்துகொள்ளுமாறு காரியதரிசி அவர்களை வேண்டிக்கொள்கின்றோம். அடுத்த தேர்தலில் அந்த மூதாட்டி ஒரே சீட்டுடன் வரட்டும். மற்றதை அவர் மகனே கையில் எடுத்து வரட்டும்.