மயக்கம் என்னும் சொல்லும் முதலாளியின் கடமையும்



ஸ்ரீ கெம்பாங்கானிலும் அதனை அடுத்த பாலாக்கோங்கிலும் தொழிற்கூடங்கள் மிகுதி. இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவோரையும், விடியுமுன் லோரியை எடுத்துச் செல்வோரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் தெளிந்த நிலையில் வாகனம் ஓட்டுவதற்கு வேலை கொடுத்தோர் என்ன செய்யலாம் என்பதே இன்றைய உரையின் பொருள். மொழியியல் பயின்றோர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். சிக்கலின் ஒரு பகுதி சொல்லில் இருப்பதால்தான் பேச முன்வந்தோம்.

'குடித்துவிட்டு ஓட்டாதே' என்னும் தொடர் மதுவை மட்டுமே சுட்டுகிறது. சளிக்கு மாத்திரை உண்டவரும், இரண்டு இரவுகள் உறங்காதவரும் 'இது நமக்கன்று' எனக் கடந்து செல்வர். 'மயக்கம்' என்னும் சொல் இதனினும் விரிந்தது. ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்தில் மற்றொன்று வருவதைத் தொல்காப்பியம் 'வேற்றுமை மயங்கியல்' என்னும் இயலில் கூறும். சாலையிலும் அத்தகையதே நிகழ்கிறது: அருகில் இருப்பது தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது. மது, போதைப்பொருள், மருந்து, களைப்பு ஆகிய நான்கும் இம்மயக்கத்தைத் தரவல்லன.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருக்கத்தக்க மதுவின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்தது. மது அல்லது போதைப்பொருளின் பாதிப்பில் ஓட்டி உயிரிழப்பை விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டுச் சிறையும், 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. இவை வேண்டியனவே. எனினும், இத்தண்டனை உயிர் போன பின்னரே வருவது. மயங்கியவனிடம் காரணம் காட்டிப் பயனில்லை என்பதைக் கள்ளுண்ணாமை அதிகாரமும் உணர்த்துகிறது. ஆகவே சாவி கைக்கு வருமுன் செயற்பட வேண்டும். வேலை நேரத்தை வகுப்பவருக்கே அது எளிது.

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நிருவாகத்தின் இசைவோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்தன. 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் அவற்றை எதிர்த்துக் கிளர்ந்தனர். குடியைத் தொழிலாளியின் தனிக் குற்றமாக மட்டும் காணாது, அதற்கு வழிவகுத்த பணியிடத்தையும் அவர்கள் கேள்விக்கு உட்படுத்தினர். அக்கேள்வி இன்றும் பொருந்தும்.

நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் ஓட்டுநர், 'இன்று இயலவில்லை' என்றால் அன்றைய வருவாயை இழக்கிறார். எனவே வாய் திறவார். அவ்வாறு கூறுவோர்க்குக் கூலி குறையாது, அன்று வேறு வேலை தரப்படும் என்று நிறுவனம் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்திலிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கிறது. அவ்வுரிமையை ஊழியர் அறியச் செய்வதும் முதலாளியின் கடமை.

ஆண்டு விருந்தில் மது வழங்கும் நிறுவனம், விருந்தினர் வீடு திரும்பும் வாகனச் செலவையும் ஏற்கலாம். இரவு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே உறங்கப் போதிய நேரம் விடலாம். மூச்சுச் சோதனை நடத்தினால் மேலாளரும் அதற்கு உட்பட வேண்டும். பழக்கத்துக்கு அடிமையானவரை உடனே நீக்குவதினும், மறைபொருள் காத்துச் சிகிச்சைக்கு அனுப்புவதே நன்று. வேலை போகும் என்று அஞ்சுபவர் தம் நோயை மறைத்துக்கொண்டே வண்டியை எடுப்பார்.

இறுதியாக, அறிவிப்புப் பலகை. மலாய், தமிழ், நேப்பாளம், வங்காளம் என ஊழியர் படிக்கும் மொழியில் அது அமைய வேண்டும். 'தடை செய்யப்பட்டுள்ளது' என்பதோடு நின்றால் ஊழியர் அடுத்துச் செய்ய வேண்டியது விளங்காது. 'தூக்கக் கலக்கமா? தலைசுற்றும் மருந்து உண்டீரா? மேற்பார்வையாளரிடம் கூறுங்கள்; கூலி குறையாது' என்று எழுதினால் விளங்கும். ஆனால் அக்கடைசித் தொடரை உண்மையாக்குவது முதலாளியின் கையில் உள்ளது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாகத் தரலாம். நாளை பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் தங்கள் பெற்றோரின் பணியிடத்திற்கு ஏற்ற அறிவிப்பொன்றை எழுதிப் பார்க்கட்டும்.