வானத்தில் தெரிந்த வெளிச்சம்



இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். செய்தித்தாளைப் பிரிக்கிறீர்கள். அதில் ஒரு செய்தி: "பறக்கும் தட்டைப் பார்த்தேன்." சொன்னவர் உலகம் அறிந்த ஒருவர். அவருடைய படமும் போட்டிருக்கிறது. நம்பலாமா, கூடாதா?

"பெரிய மனிதர் பொய் சொல்வாரா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பொய் சொல்வது வேறு. தவறாகப் புரிந்துகொள்வது வேறு.

ஒரு கதை கேளுங்கள். இது நடந்த கதை.

அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். அங்கே ஜிம்மி கார்ட்டர் என்று ஒருவர் இருந்தார். நிலக்கடலை விவசாயம் செய்தவர். 1969ஆம் ஆண்டு ஒருநாள், லியரி என்ற சிற்றூருக்குக் கூட்டத்தில் பேசப் போனார். இருட்டத் தொடங்கிய நேரம். மேற்கு வானத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நெருங்கி வருவது போல் இருந்தது. விலகிப் போவது போலவும் இருந்தது. நிறம் மாறியது. கூட இருந்த பத்துப் பேரும் பார்த்தார்கள். பிறகு அது மறைந்துவிட்டது.

1973இல் கார்ட்டர் இதை எழுதிக் கொடுத்தார். அப்போது அவர் மாநில ஆளுநர். 1977இல் நாட்டின் ஜனாதிபதியே ஆகிவிட்டார். விடுவார்களா? "ஜனாதிபதியே பறக்கும் தட்டைப் பார்த்திருக்கிறார்! வேற்று உலக ஆட்கள் வந்தது உண்மை!" என்று பலர் பேசினார்கள்.

ஆனால் கார்ட்டர் சொன்னது என்ன? "ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். அது என்ன என்று தெரியவில்லை." அவ்வளவுதான். வேற்று உலக ஆட்கள் வந்தார்கள் என்று தாம் நம்பவில்லை என்றும் பின்னாளில் சொன்னார். அவர் சொன்னது ஒரு பங்கு. ஊர் சேர்த்தது ஒன்பது பங்கு.

அப்படியானால் அந்த வெளிச்சம் எது? ஓர் ஆய்வாளர் பழைய பதிவுகளைத் தேடினார். கூட்டம் நடந்த நாளைக் கண்டுபிடித்தார். அன்று மாலை அதே திசையில் வெள்ளிக் கோள் இருந்தது. அதுதான் என்றார். கார்ட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளி எனக்குத் தெரியாதா?" என்றார். பல ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வேறு விளக்கம் தந்தார். அன்று மாலை பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு ராக்கெட் ஏவினார்கள். மேல் வானத்தை ஆராய்வதற்காக அது பேரியம் என்ற பொருளை ஆவியாக வெளியிட்டது. தரையில் இருட்டினாலும், அவ்வளவு உயரத்தில் வெயில் படும். அந்த ஆவி ஒளிரும். நிறம் மாறும். பிறகு கலைந்துவிடும். இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் லடாக் எல்லையில் நம் படைவீரர்கள் வானத்தில் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். அண்டை நாட்டின் உளவு விமானமோ என்று சந்தேகம் வந்தது. 329 முறை பார்த்ததாகக் குறித்து வைத்தார்கள். எல்லையில் இது விளையாட்டா? அவசரப்பட்டால் சண்டையே மூண்டுவிடும். அவர்கள் அவசரப்படவில்லை. பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டார்கள். அறிஞர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். ஒன்று வியாழன். மற்றொன்று வெள்ளி!

அப்படியானால் வேறு உலகங்களில் உயிரே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. மற்றச் சூரியன்களைச் சுற்றும் கோள்கள் 5,000க்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எதிலும் உயிர் இருப்பதற்கு இதுவரை சான்று கிடைக்கவில்லை. தேடுகிறார்கள். 1977இல் இரண்டு வாயேஜர் விண்கலங்களை அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தங்க முலாம் பூசிய தட்டு. அதில் 55 மொழிகளில் வாழ்த்து. தெலுங்கும் கன்னடமும் அதில் உண்டு. ஜனாதிபதி கார்ட்டரின் கடிதமும் உண்டு. என்றாவது யாராவது பார்க்கட்டும் என்ற ஆசை அது. ஆசைப்படலாம். ஆசை சான்று ஆகாது.

ஆகவே நண்பர்களே, இப்படி ஒரு செய்தியைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கண்ணால் பார்த்தது எவ்வளவு? ஊகமாகச் சேர்த்தது எவ்வளவு? யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

சொன்னவர் நடிகரா, பாடகரா, ஜனாதிபதியா என்பது இதற்குப் பதில் ஆகாது. அச்சில் வந்துவிட்டது என்பதும் பதில் ஆகாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளி சில மாதம் மாலையில் மேற்கே தெரியும். சில மாதம் விடியலில் கிழக்கே தெரியும். அதுதான் நம் விடிவெள்ளி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.