தாமதமாகும் வாடகையும் எழுதப்படாத உடன்பாடும்



கோயம்புத்தூரில் பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் போன்ற பகுதிகளில் கீழ்த்தளத்தில் தாம் குடியிருந்து, மாடியை வாடகைக்கு விட்டு வாழும் முதியோர் பலர். ஓய்வூதியம் மருந்துக்கும் மளிகைக்கும் சரியாகிவிடும்; சொத்து வரியும் வீட்டுப் பராமரிப்பும் மாடி வாடகையை நம்பியே நிற்கும். 5-ஆம் தேதி வர வேண்டிய பணம் 25-ஆம் தேதிக்குத் தள்ளிப் போனால் குடும்பக் கணக்கே நிலைகுலைகிறது. கடுஞ்சொல் தவிர்ப்பதை நெறியாகக் கொண்ட இல்லங்களிலோ, வாடகையைக் கேட்கவே நா எழுவதில்லை. பல மாதங்கள் வாய் திறவாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மொத்தமாகச் சினந்து எழுவர். அவ்வளவு நாளும் பொறுமை என்று எண்ணியது வெறும் மௌனமே.

தாமதத்தின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கூலி பெரும்பாலும் வாரக் கூலி. சனிக்கிழமையே அவர்களுக்குச் சம்பள நாள். கோவையில் சிறு லேத் பட்டறை நடத்துபவர், வேலை கொடுத்த நிறுவனம் பில் தொகையைத் தரும்வரை காத்திருக்கிறார். இத்தகையோரிடம் 5-ஆம் தேதியை வற்புறுத்துவதைவிட, அவர் கையில் பணம் புழங்கும் நாளைக் கேட்டறிந்து அதையே தவணை நாளாக்குவது நல்லது. வாரக் கூலிக்காரரிடம் வாடகையை இரு பகுதியாகவும் பெறலாம். இது சலுகையன்று, வீட்டுக்காரருக்கே உதவும் ஏற்பாடு. பணம் இருந்தும் இழுத்தடிப்பவர் வேறு வகை. இல்லாதவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இழுத்தடிப்பவர் கைப்பேசியை எடுக்கமாட்டார்.

சட்டம் இவ்விருவரையும் வேறுபடுத்திப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வேண்டுமென்றே செலுத்தாதிருந்தாரா என்பதே பெரும் வழக்காகும். 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சொல்லின் பொருளை விரிவாக ஆராய்ந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22-2-2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி இரண்டு மாத வாடகை நிலுவையாகி, முறையான அறிவிப்புக் கிடைத்த ஒரு மாதத்திற்குள்ளும் வட்டியோடு முழுமையாகச் செலுத்தாதவரை வெளியேற்றக் கோரலாம். அந்த ஒரு மாதத்திற்குள் செலுத்திவிட்டால் அவர் தப்பினார். அதன்பின் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அச்சலுகை மீண்டும் இல்லை.

இங்கேதான் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இருக்கிறது. மாதந்தோறும் 25-ஆம் தேதி தவறாமல் தருபவர் இந்தப் பிரிவில் அகப்படமாட்டார். அவரிடம் இரண்டு மாத நிலுவை ஒருபோதும் சேர்வதில்லை. அவரை நெறிப்படுத்த ஒப்பந்தம் ஒன்றே துணை. தவணை நாள், தாமதத்திற்கான வட்டி, குடியிருப்புக் காலத்தின் முடிவு ஆகிய மூன்றும் அதில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுக்கல் வாங்கல் நடத்துவது கொங்கு மண்ணின் பெருமை எனலாம். ஆயினும் வாடகை அலுவலர்முன் அப்பெருமை செல்லாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவ்வலுவலரிடம் பதிவும் செய்ய வேண்டும்; பதிவில்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கச் சட்டமே தடை வைத்திருக்கிறது.

தண்ணீர்க் குழாயை அடைப்பதும் மின் இணைப்பைத் துண்டிப்பதும் குற்றமாகவே முடியும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது கொடுமையுமாகும். முதல் தாமதத்திலேயே தணிந்த குரலில், "தம்பி, தேதி தள்ளிப் போகிறதே, எந்த நாள் உங்களுக்குச் சௌகரியம்?" என்று கேட்டுவிடுவது எளிது. அடுத்த தாமதத்திற்கு ஒரு குறுஞ்செய்தி, மூன்றாவதற்குப் பதிவு அஞ்சல். பெற்ற ஒவ்வொரு தொகைக்கும், பாதித் தொகையே ஆயினும், தேதியிட்ட ரசீது தருதல் இரு தரப்புக்கும் காப்பு.

"அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்" என்னும் வேண்டுகோளுக்கு எளிதில் இணங்கலாகாது. ஆறு மாதம், பத்து மாதம் என முன்பணம் வாங்கிய நாளில் அது தாங்கியிருக்கலாம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகையே உச்ச வரம்பு என்று இன்றைய சட்டம் கூறுகிறது. அதையும் மாதந்தோறும் கரைத்துவிட்டால், வீட்டைக் காலி செய்யும் நாளில் மின் கட்டண நிலுவைக்கும் உடைந்த கதவுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது.