பெண்களின் நத்தார்
(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அயர்லாந்துப் பண்டிகைச் சாப்பாடு பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டதும் எங்கள் வகுப்பார் சிரித்துவிட்டார்கள். மனையியல் அறைப் பக்கமே போகாமல் விஞ்ஞானகூடத்திற்கு ஓடியவர்கள் அல்லவா நாங்கள். எங்களில் மூவர், இரண்டு மருத்துவர்களும் ஒரு தாதியும், அயர்லாந்தின் தெற்கே கோர்க் பகுதியில் சில வருடங்கள் வேலை செய்தோம். மூவருக்கும் சேர்த்து ஒருவர் பேசுவதால் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்துப் பண்டிகை என்றால் பலருக்கும் மார்ச் 17, புனித பற்றிக் திருநாள், உப்பிட்ட மாட்டிறைச்சியும் கோவாவும் என்றுதான் நினைவு வரும். அது அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக்காரர் அங்கே பழகிக்கொண்ட சாப்பாடு. ஊரில் இருப்பவர்கள் கோவாவோடு அவிப்பது உப்பிட்ட பன்றி இறைச்சி. அதுவும் அங்கே சாதாரண நாட்சாப்பாடுதான். பெரிய சமையல் எல்லாம் நத்தாருக்கே.

நத்தார் நாட்களில் வைத்தியசாலைக் கடமை எங்களைப் போன்ற சைவக்காரருக்குத்தான் விழும். அது நியாயம்தான், தீபாவளிக்கு அவர்கள் எங்களுக்காக நின்றார்கள். அதனால் டிசெம்பர் 25ஆம் திகதி விருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஜனவரி 6.

அன்று திருக்காட்சித் திருநாள். அயர்லாந்து மொழியில் அதற்கு 'நொல்லிக் ந மான்' என்று ஒரு பெயர் உண்டு. பெண்களின் நத்தார் என்று அர்த்தம். கோர்க், கெரி மாவட்டங்களில்தான் இந்த வழக்கம் நன்றாக நிலைத்திருக்கிறது. நத்தார் முழுக்கச் சமைத்துக் களைத்த பெண்கள் அன்று அடுப்படிக்குப் போவதில்லை. ஆண்கள் சமைப்பார்கள், கோப்பை கழுவுவார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள். பெண்கள் ஒருவர் வீட்டில் ஒன்றுகூடி, தேநீரும் பிளம்ஸ் போட்ட கேக்குமாய் இருந்து கதைப்பார்கள். இப்போது சிலர் உணவகங்களுக்கும் போகிறார்கள். எங்கள் விடுதித் தலைமைத் தாதி, பேரப்பிள்ளை கண்டவர், எங்கள் மூவரையும் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். அவருடைய கணவர் தோளில் துவாயோடு நின்று பரிமாறினார். உருளைக்கிழங்கில் உப்புக் கூடத்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேசையில் கோர்க் நகரத்தின் பெருமையான வாசனை இறைச்சி இருந்தது. மாட்டின் பின்தொடை இறைச்சியை உப்பு, சீனி, மிளகு, கராம்பு, கறுவா முதலியவற்றில் பல நாள் ஊறவைத்து, மெல்ல அவித்து, ஆறவிட்டு மெல்லிசாக வெட்டுவார்கள். கோர்க் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு உப்பிட்ட மாட்டிறைச்சியும் பட்டரும் ஏற்றிய பெரிய துறைமுகம். அங்கே 1788இல் தொடங்கிய பழைய சந்தையில் இன்றும் நத்தார் நேரம் இந்த இறைச்சி வாங்கச் சனம் நிற்கும். நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. ஆனால் மூடியைத் திறந்தபோது வந்த கறுவா, கராம்பு வாசம் எங்கள் வீட்டுக் குசினி வாசம். பிறகு அதே சரக்குகளை இடித்து, உப்போடு கோழித்தொடையில் பூசி, அன்றைக்கே போறணையில் வைத்து எடுத்தோம். நல்லாய் வந்தது. பழைய முறையில் வெடியுப்பும் சேர்ப்பார்கள். வீட்டில் கைக்கணக்காய் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று மருத்துவர்களாகச் சொல்லிவைக்கிறோம்.

உங்களுக்கு உடனே செய்யக்கூடியது சோடாப் பாண். ஈஸ்ற் வேண்டாம், பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆட்டா மாவும் கோதுமை மாவும் பாதிக்குப் பாதி, மொத்தம் 450 கிராம். மட்டமாக ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு. அதற்கு 350 முதல் 400 மில்லிலீற்றர் புளித்த மோர். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் வாயு கிளம்பத் தொடங்கிவிடும், ஆகையால் பிசைந்துகொண்டு நிற்கக்கூடாது. கையால் ஒன்றுசேர்த்து, வட்டமாக்கி, மேலே ஆழமாய்ச் சிலுவைக் கோடு கீறி, 230 பாகையில் 15 நிமிடம், பிறகு 200 பாகையில் 30 நிமிடம். அடியில் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியதுபோலச் சத்தம் வரவேண்டும். போறணை இல்லையென்றாலும் செய்யலாம். அங்கே பழைய வீடுகளில் மூடியுள்ள இரும்புச் சட்டியில் வைத்து, கீழும் மேலும் தணல் போட்டுத்தான் சுட்டார்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் எங்கள் அம்மாமார் கேக் சுட்ட அதே முறை.

அந்த நாட்டுக்காரர் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசும்போது ஒரு மரியாதை தெரியும். 1845 முதல் 1852 வரை கிழங்குப் பயிர் நோயால் அழிந்து ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த வருடங்களிலும் தானியம் வெளியே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. கிழங்கை மசித்து, கோவா இலை சேர்த்து, நடுவில் குழி பறித்துப் பட்டர் விடும் 'கொல்கனன்' சாப்பிடும்போது இதைச் சொல்லாத கிழவர்கள் குறைவு. பொருளாதாரத் தடைக்காலத்தில் வளர்ந்த எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி எங்கள் தொழில் சார்ந்த ஒரு விடயம். அயர்லாந்தில் உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மிஞ்சிச் சேரும் ஒரு பரம்பரை நோய் அதிகம். அதற்குரிய மரபணு மாற்றம் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவரிடம் உண்டு. இரத்தத்தை வாங்கி வெளியே எடுப்பதுதான் சிகிச்சை. அங்கே அதைச் செய்துவிட்டு ஊருக்கு வந்தால், எங்கள் கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலர் இரும்புச்சத்துக் குறைந்து வெளிறிப்போய் இருக்கிறார்கள். மாதவிடாய், பிள்ளைப்பேறு, பூச்சி என்று காரணங்கள் பல, இரத்தப் பரிசோதனையில் சில தெரியும். ஆனால் நாங்கள் இப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறோம்: "அம்மா, நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?" பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு, டொக்ரர்." இருந்த மீன் துண்டு அதற்குள் முடிந்திருக்கும். மிச்சச் சோறும் சொதியும்தான் அவருடைய பங்கு. குளிசை எழுதிக் கொடுக்கலாம், கொடுக்கிறோம். அதோடு தேநீரையும் குளிசையையும் ஒன்றாய் எடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறோம். மீன் துண்டை எப்படி எழுதிக் கொடுப்பது?

இந்த நூற்றாண்டு விழாச் சமையல் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது. இங்கே வரமுன் ஒருதரம் எண்ணிப் பார்த்தோம். 31 பெயர். எல்லாம் பெண்கள். அதில் எங்களுக்குப் படிப்பித்த இரண்டு ரீச்சர்மாரின் பெயரும் இருக்கிறது, ஒருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

ஆகையால் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். வருகிற ஜனவரி 6ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர், பாடசாலை மண்டபத்தில் ரீச்சர்மாரும் பழைய மாணவிகளும் இருந்து சாப்பிட, எங்கள் வீட்டு ஆண்கள் சமைத்துப் பரிமாறட்டும். சோடாப் பாணும் கோழியும் கொல்கனனும் போதும், மரக்கறிக்காரருக்குக் கடலைக் கறி. கேட்டும் பார்த்துவிட்டோம். இரண்டு பேர் முழுச் சம்மதம். ஒருவர் வெங்காயம் மட்டும் உரிப்பாராம். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதலாம்.